மருந்துக்கடையும் தக்கையும் தந்த பெயர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வளி அடைத்த இனிப்புப் பானத்துக்கு நாடு முழுவதும் வழங்கும் பொதுப் பேச்சுச்சொல் ஒன்று இன்றுவரை நிலைபெறவில்லை. வடகிழக்கு மாநிலங்களிலும் கலிபோர்னியாவிலும் அது 'சோடா'. மிச்சிகன், ஒகையோ தொடங்கி நடுமேற்குச் சமவெளிகளைக் கடந்து பசிபிக் கரையின் வடமாநிலங்கள் வரை அது 'பாப்'. ஜார்ஜியாவிலிருந்து டெக்சாஸ் வரை பரந்துள்ள தென்பகுதியில், எந்த நிறுவனத்தின் எந்தச் சுவையாயினும், பலருக்கு அது 'கோக்'. இச்சொற்கள் ஒவ்வொன்றும் அந்தத் தொழிலின் ஒரு பருவத்தைத் தன்னுள் பாதுகாத்து வைத்திருப்பதால், இவற்றை வெறும் உச்சரிப்புப் பழக்கமாகக் கருதுவது பொருந்தாது.

மூன்றில் மூத்தது சோடா. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் வடிசாலைக்கு அருகில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வளியை, அதாவது பின்னாளில் கரியமிலவாயு எனப் பெயர்பெற்றதை, 1767இல் நீரில் கரைத்துப் பார்த்து, அதற்கான செய்முறையை 1772இல் வெளியிட்டார். இயற்கை ஊற்று நீரைப் போல நோய் தீர்க்கும் நீரை உருவாக்குவதே அக்கால வேதியியலாரின் நோக்கமாயிருந்தமையால், சோடியம் உப்பைச் சேர்த்தும் அந்நீரைத் தயாரித்தனர். 'சோடா நீர்' என்னும் பெயர் அவ்வுப்பிலிருந்து வந்தது. யேல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன் 1806 வாக்கில் நியூ ஹேவனில் இந்நீரை விற்கத் தொடங்கினார். பிறகு அது மருந்துக்கடைகளின் பளிங்கு மேடைக்கு வந்து, பழப்பாகு கலந்த இனிப்புப் பானமாக மாறிற்று. உப்பு மறைந்து சர்க்கரை புகுந்த பின்னும் பெயர் மாறவில்லை. தமிழகத்தில் இதே சொல் இனிப்பற்ற வளிநீருக்கு மட்டும் உரியதாக நின்று, இனிப்பும் நிறமும் சேர்ந்ததைக் 'கலர்' என்று மக்கள் தனியே பிரித்து வழங்கினர். அமெரிக்கச் சோடா செய்யத் தவறிய வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சு செய்துகொண்டது எனலாம்.

'பாப்' என்பது ஒலிக்குறிப்புச் சொல். ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் சதே 1812இல் எழுதிய கடிதம் ஒன்றில் இப்பெயருடைய பானத்தைச் சுட்டி, தக்கையைப் பிடுங்கும்போது எழும் ஓசையே பெயருக்குக் காரணம் என விளக்குகிறார். சிகாகோவைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹட்சின்சன் 1879இல் காப்புரிமை பெற்ற, கம்பிச்சுருள் பொருத்திய அடைப்பானும் உள்ளே அழுத்தித் திறக்கும்போது வெடியோசை எழுப்பியது. ஆனால் சொல் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது என்பதால், அடைப்பான் அதைப் பிறப்பித்ததாகக் கொள்ள முடியாது. 1892இல் பால்டிமோரின் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகரமூடி இத்தகைய அடைப்பான்களை வழக்கொழித்தபோதும், ஒலி பெயராக நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870களில் உருவாக்கிய, கழுத்தில் கண்ணாடி உருண்டை அடைத்த புட்டி தமிழகத்தில் 'கோலி சோடா' ஆனதும் இவ்வாறே. அங்கே காதில் விழுந்தது பெயராயிற்று, இங்கே கண்ணில் பட்டது பெயராயிற்று.

பாஸ்டன் வட்டாரத்தில் வழங்கிய 'டானிக்', இனிப்புப் பானங்கள் நரம்புத் தளர்ச்சிக்கும் சோர்வுக்கும் மருந்தென்று விற்கப்பட்ட காலத்தின் எச்சம். இன்று அது முதியோர் பேச்சில் மட்டும் எஞ்சியுள்ளது.

கோக்கின் வரலாறு இவை அனைத்தினும் சிக்கலானது. ஜான் பெம்பர்டன் என்னும் மருந்தாளர் ஆக்கிய கோக்க கோலா, 1886 மே மாதம் அட்லாண்டாவின் ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் முதலில் விற்பனைக்கு வந்தது. 1899இல் சட்டனூகாவைச் சேர்ந்த வழக்கறிஞர் இருவர் ஒரே ஒரு டாலருக்குப் புட்டியில் அடைக்கும் உரிமையைப் பெற்றபின், தெற்கின் சிற்றூர்க் கடைகளுக்கும் அது சென்று சேர்ந்தது. நீண்ட பெயரை மக்கள் சுருக்கியதை நிறுவனம் விரும்பவில்லை. செல்லப்பெயர் போலிகளுக்கு வழிவிடும் என அஞ்சி, முழுப்பெயரால் கேட்குமாறு விளம்பரங்களில் வற்புறுத்தியது. அந்த அச்சம் நியாயமானதே. 'கோக்' என ஒலிக்கும் பெயரிலேயே பானம் விற்ற போட்டி நிறுவனத்தின் மீதான வழக்கில், 1920இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி ஹோம்ஸ், கோக்க கோலா என்னும் பெயர் மக்களிடையே ஒரே மூலத்திலிருந்து வரும் ஒரே பொருளைக் குறிக்கிறது எனக் கூறித் தடை விதித்தார். ஆயினும் போட்டியாளர் பயன்படுத்திய 'டோப்' என்னும் பெயருக்கு அத்தடையை அவர் நீட்டிக்கவில்லை. போதைப்பொருளைக் குறித்த அக்கொச்சைச் சொல், பானத்தில் தொடக்கத்தில் கலந்திருந்த கோக்கா இலைச் சாற்றை நினைவூட்டியது. கரோலினா பஞ்சாலைகளில் தொழிலாளருக்குப் பானமும் தின்பண்டமும் விற்ற தள்ளுவண்டி 'டோப் வண்டி' என்றே அறியப்பட்டது. நிறுவனம் 1941இல் தன் விளம்பரங்களில் 'கோக்' என்னும் சொல்லை ஏற்று, 1945இல் வணிகக்குறியாகப் பதிவும் செய்தது. ஒரே பொருளின் பெயரென்று நீதிமன்றம் காத்துக்கொடுத்த பெயரின் சுருக்கம், அது பிறந்த மண்ணிலேயே எல்லாப் பானங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. கோக் கேட்டவரிடம் 'எந்தக் கோக்?' என்று திருப்பிக் கேட்பது அங்கே இயல்பான உரையாடல்.

2000களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் மொழியியலாளர் பெர்ட் வோ நடத்திய வட்டாரவழக்கு ஆய்வில், விடையளித்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சோடாவையும், நால்வரில் ஒருவர் பாப்பையும், ஏறத்தாழ எண்மரில் ஒருவர் கோக்கையும் தம் சொல்லாகக் குறித்தனர். எல்லைகள் மாநில எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. மிசௌரி மாநிலத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள செயின்ட் லூயிஸும் அதன் சுற்றுப்புறமும் பாப் வழங்கும் நிலப்பரப்பின் நடுவே சோடாத் தீவாக நிற்க, மேற்கு விளிம்பிலுள்ள கன்சாஸ் நகரத்தார் அதே பானத்தைப் பாப் என்றே கேட்டு வாங்குகின்றனர்.