‘ராந்தேவூ’ என்னும் ஒரு சொல்லின் வரலாறு

சென்ற ஆண்டு, நம் குடியிருப்புப் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலிருந்து சுற்றுலா அறிவிக்கை ஒன்று வந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகள் அதனை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள், ஓர் ஆங்கிலச் சொல்லில் இடறி நின்றாள். எழுத்துக் கூட்டி ‘ரெண்டெஸ்வௌஸ்’ என்றாள். தந்தையார் பணியில் இருக்கையிலேயே மறைந்தமையால், பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு ரயில்வேயில் எழுத்தனாக அமர்ந்தவன் நான். எனக்கும் அது அவ்வாறே தோன்றிற்று. அடுத்த வீட்டு வங்காள நண்பர்தாம் புன்னகையோடு திருத்தினார்: ‘ரான்டேவூ’. பிள்ளைகள் வந்து கூடவேண்டிய இடமும் நேரமும் என்பது பொருளாம். எழுத்தில் உள்ள இரண்டு ஒலிகளை வாயில் விழுங்கிவிடும் இச்சொல் எந்த நாட்டது என்று தேடத் தொடங்கினேன்.

இது பிரெஞ்சு மொழிக்கு உரியது. உண்மையில் இது ஒரு சொல்லன்று, இரண்டு. அவ்விரண்டும் சேர்ந்து நிற்பது பெயராக அன்று, ஏவலாக. ‘ராந்தே’ என்றால் ‘ஒப்படையுங்கள்’. ‘வூ’ என்றால் ‘உங்களை’. ‘உங்களை ஒப்படையுங்கள்’, அதாவது ‘இன்ன இடத்திற்கு வந்து நில்லுங்கள்’ என்பது கருத்து. திருப்பிக் கொடுத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை ஒன்று இதன் வேர். பகைவனிடம் சரணடைவதற்கும் பிரெஞ்சுக்காரர் இதே வினையை வழங்குகின்றனர். நம் அலுவலகத்தில் பதவியிடங்களைச் ‘சரண்டர்’ செய்வதாகக் கோப்பில் எழுதுகிறோமே, அச்சொல்லும் இந்தக் குடும்பத்ததே. ஆகவே, இன்று காதலர் சந்திப்பையும் தேநீர் விருந்தையும் நினைவூட்டும் இச்சொல், தொடக்கத்தில் ஒரு கட்டளையாகவே இருந்தது.

ஆங்கிலத்தில் இது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைத்துறைச் சொல்லாகப் புகுந்தது. சிதறிச் செல்லும் படைப்பிரிவுகளும், புயலில் பிரிந்த கப்பல்களும் மீண்டும் ஒன்றுகூட முன்னரே குறித்து வைத்த இடம் ‘ராந்தேவூ’ எனப்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலும், நார்வே நாட்டு இளவரசன் தன் படைத்தலைவனோடு பேசுமிடத்தில் இச்சொல் இப்பொருளிலேயே வருகின்றது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துறைமுக மக்களுக்கு இச்சொல்லைக் கேட்டாலே அச்சம் உண்டாயிற்று. கடற்படைக்கு ஆள் போதாத காலங்களில், துறைமுகத் தெருக்களில் அகப்பட்ட மாலுமிகளை வலுவில் பிடித்துச் சென்று போர்க்கப்பலில் ஏற்றும் வழக்கம் அங்கு இருந்தது. அவ்வாறு ஆள் பிடிக்கும் அதிகாரியும் அவருடைய கும்பலும் தங்கியிருந்த இடத்திற்கு, பெரும்பாலும் ஒரு மதுக்கடைக்கு, ‘ராந்தேவூ’ என்றே பெயர். நெப்போலியனோடு நடந்த போர்கள் 1815இல் முடிந்த பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. ‘உங்களை ஒப்படையுங்கள்’ என்னும் மூலப்பொருள் இவ்வளவு பச்சையாக வேறு எங்கும் விளங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பாத கணவனுக்காகக் காத்திருந்த பெண்ணின் செவியில் அச்சொல் எப்படி ஒலித்திருக்கும்!

அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதியில் இது வேறு உருவம் கொண்டது. அங்கே நீர்நாயினத்தை ஒத்த ‘பீவர்’ என்னும் விலங்கின் தோலுக்காக ஆண்டு முழுவதும் தனித்தனியே அலைந்த வேட்டைக்காரர்கள், கோடையில் ஓரிடத்தில் கூடுவர். வில்லியம் ஆஷ்லி என்னும் வணிகர் 1825இல் இதனைத் தொடங்கினார். கிழக்கிலிருந்து பொதிக் குதிரைகளில் வெடிமருந்து, துணி, காப்பி, மது எல்லாம் வரும். தோலைக் கொடுத்து அவற்றைப் பெறுவர். விலையோ கொள்ளை விலை. ஆயினும் தம் மொழி பேசும் மனித முகங்களை ஆண்டில் ஒருமுறை காண்பதற்கு அதுவே வாய்ப்பு. கடைசிக் கூட்டம் 1840இல் நடந்தது. தொப்பிக்குப் பீவர் ரோமம் போய்ப் பட்டு வந்தது, பீவர்களும் அருகிவிட்டன. ஆண்டு விழாவில் மட்டும் ஒருவரை ஒருவர் கண்டு நலம் விசாரிக்கும் நமக்கு, இவ்வேட்டைக்காரர்கள் அவ்வளவு அந்நியராகத் தோன்றவில்லை.

கவிஞரும் தலைவரும் பின்னர் இச்சொல்லை எடுத்தாண்டனர். மரணத்தோடு தனக்கு ஒரு சந்திப்பு உண்டு என்று பாடிய ஆலன் சீகர் என்னும் அமெரிக்க இளைஞர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போரிட்டு 1916 ஜூலை 4ஆம் நாள் களத்தில் மாண்டார். வயது 28. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், 1936இல் பிலடெல்பியாவில் பேசுகையில், தம் தலைமுறைக்கு விதியோடு ஒரு ‘ராந்தேவூ’ இருப்பதாகக் கூறினார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில், புதுதில்லியில் ஜவாஹர்லால் நேரு அதே கருத்தைச் சொன்னபோது ‘டிரிஸ்ட்’ என்னும் சொல்லைத் தேர்ந்தார். அதுவும் பழைய பிரெஞ்சு வழி வந்ததே என்று அறிந்தபோது வியந்தேன். வேட்டையில் விலங்கு வரும் வழிபார்த்து ஒருவன் நிற்கவேண்டிய இடத்தை அது குறித்தது. ஒரு சொல் ‘வந்து நில்’ என்கிறது. மற்றொன்று ‘நின்று காத்திரு’ என்கிறது.

வருவதும் காத்திருப்பதும் சேர்ந்ததற்கு நம் முன்னோர் ஒரே சொல் வைத்திருந்தனர். ‘குறி’ என்றனர். களவொழுக்கத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம் அது. பகற்குறி, இரவுக்குறி என இரண்டாக வகுத்தனர். இரவில் வந்த தலைவன் புள்ளினத்தை எழுப்பியோ நீரில் ஒலியெழுப்பியோ தன் வரவை உணர்த்துவான். சிலவேளை புள் தானே எழுந்து ஒலிக்கும். அவன் வந்தான் என எண்ணி அவள் போய்ப் பார்த்து ஏமாந்து மீள்வாள். இதற்கு ‘அல்லகுறிப்படுதல்’ என்று பெயர். சந்திப்பின் இலக்கணத்தை வகுத்தவர்கள், சந்திப்புத் தவறுவதற்கும் இலக்கணம் வகுத்தார்களே!

அதனை நான் அனுபவித்தும் இருக்கிறேன். என்னை வளர்த்த தாய்மாமன் காசிக்குச் சென்று திரும்பும் வழியில், அவர் வண்டி நம் ஊரில் பத்து நிமிடம் நிற்கும். வீட்டில் எலுமிச்சஞ்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக் கொடுத்தார்கள். அவர் பெட்டி எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன, ரயில்வேக்காரன் அல்லவா என்று நடைமேடையின் தென்கோடியில் போய் நின்றேன். அன்று பெட்டிகளின் வரிசை தலைகீழாக மாறியிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வடகோடிக்கு ஓடி நான் சேர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வாயிலில் நின்று கையசைத்தார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

இக்காலத்தில் இச்சொல் வானத்திற்கும் சென்றுவிட்டது. 1965 டிசம்பர் 15ஆம் நாள், அமெரிக்காவின் ஜெமினி 6, ஜெமினி 7 என்னும் இரு விண்கலங்கள் ஓரடி இடைவெளி வரை நெருங்கின. அங்கே அதற்குப் பெயர் ‘ராந்தேவூ’தான். நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30இல் ஏவிய இரு சிறு கலங்கள், ஒத்திவைப்புகளுக்குப் பின் 2025 ஜனவரி 16இல் ஒன்றோடொன்று இணைந்தன. இதனைச் செய்த நான்காவது நாடு இந்தியா. அன்று காலை அலுவலகத்தில் கோப்பைக்கூடத் திறக்காமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நம் சங்கத்தின் அடுத்த சுற்றுலா அறிவிக்கையில், ‘குறியிடம்: நூலக வாயில், காலை 6 மணி’ என்று அச்சிடலாமே எனச் செயலாளரிடம் கேட்டேன். படைவீரருக்கு இட்ட கட்டளை பிரெஞ்சில் காதலருக்குப் போய்ச் சேர்ந்ததென்றால், காதலர் சொல் தமிழில் பேருந்துக்கு வரலாகாதா என்றும் வாதாடினேன். “ஐயா, இலக்கியம் படித்த பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள்” என்றார் அவர். ‘கூடுமிடம்’ என்றே அச்சாகப் போகிறது.