பலகையும் சரிவும்: உடலை அளப்பதன் வரலாறு

ஒரு உடல் வியர்த்தால் அது வேலை. இன்னொரு உடல் வியர்த்தால் அது உடற்பயிற்சி. இந்தப் பிரிவு இயற்கையாக வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. போடிநாயக்கனூரில் நான் தினமும் ஏறி நிற்கும் ஒரு பழைய வீடியோ கேம் பலகையை முன்வைத்து அதைப் பேசலாம்.

1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் ஆங்கிலச் சிறைகளுக்காக ஒரு படிச்சக்கரத்தை அமைத்தார். கைதி ஏறிக்கொண்டே இருப்பான். ஓரடிகூட மேலே போகமாட்டான். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது; பலவற்றில் காற்றைத்தான் அரைத்தது. 1898இல் சட்டம் அதை ஒழித்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து இங்கே வ.உ.சி. செக்கிழுத்தார். ஆக, எங்கும் போகாத நடை தண்டனையாகத்தான் இருந்தது. சிறையும் பள்ளியும் படைமுகாமும் உடலை அசைவு அசைவாகப் பிரித்துப் பழக்கியதை ஃபூக்கோ 1975இல் எழுதினார். அவர் எழுதிய காலத்திலேயே டிரெட்மில், பெயர்கூட மாறாமல், காசு கொடுத்து ஏறுகிற எந்திரமாகிவிட்டிருந்தது.

விளையாட்டுப் பெட்டிகளும் இதற்குள் வந்தன. 1986இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் மிதித்து ஆடும் விரிப்பு ஒன்றை விற்றது. 1998இல் கோனாமியின் நடன விளையாட்டு வந்தது. 2006இல் நிண்டெண்டோவின் வீ. மறுவருடக் கடைசியில் வீ ஃபிட். நாலு மூலையிலும் எடை உணரும் கருவி வைத்த ஒரு பலகை. ஏறி நின்றால் உடம்பின் பாரம் எந்தக் காலில் எவ்வளவு என்று திரையில் காட்டும். கூடவே நீ குண்டு, நீ ஒல்லி என்று தீர்ப்பும் சொல்லும். மியாமோட்டோ தினமும் தன் எடையைப் பார்த்துக் குறித்துவந்த பழக்கத்திலிருந்து பிறந்த யோசனை இது. 2 கோடிக்கு மேல் விற்றது. 2013இல் ஜப்பானில் வீ உற்பத்தி நின்றது. ஆனால் 2010லேயே மெல்பர்ன் ஆய்வாளர்கள் இப்பலகையை விலையுயர்ந்த ஆய்வுக்கூடத் தளத்தோடு ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க இது போதும் என்று காட்டிவிட்டார்கள். கடையில் செத்த பொருள் சிகிச்சை அறையில் பிழைத்துக்கொண்டது.

அதே 2007இல்தான் போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் வந்தது. ஏலக்காயின் விலை திரையில் ஓடத் தொடங்கியது. காயின் பருமனை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் மதிப்பே வேறு. அந்தக் காயை எடுத்த உடம்போ எந்தத் திரையிலும் இல்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போகும் பெண்கள் அவர்கள். ஏலச்செடியின் காய்ச்சரம் தட்டையின் அடியிலிருந்து தரையோடு படரும். சரிவில் குத்தவைத்துத்தான் எடுக்க முடியும். மருத்துவ வசதி பற்றிப் பேசிய 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்கு நிலத்தின் அளவும் ஆள் எண்ணிக்கையும் வரம்பாக இருந்தன. சிறு தோட்டங்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன.

முப்பது வருசம் மலைக்குப் போன பெரியம்மா ஒருநாள் எங்கள் பலகையில் ஏறினார். திரையில் சிவப்புப் புள்ளி வலப்பக்கமே போய் நின்றது. நேராக நிற்கச் சொன்னேன். "நேராத்தானப்பா நிக்கிறேன். மலையில நின்ன காலு, சமதரைக்கு வரமாட்டேங்குது" என்றார். அந்தச் சாய்வுக்குச் சரிவுதான் காரணம் என்று எந்திரம் சொல்லாது. வயதும் இருக்கலாம், வேறு நோயும் இருக்கலாம். ஆனால் அந்த உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒருவர் கேட்டதே அன்றைக்குத்தான். கேட்டதும், யாரோ விளையாடித் தூக்கிப்போட்ட ஒரு பொம்மை.

அளப்பது எப்போதும் அடக்குவதுதான் என்று நம்மில் சிலர் ஃபூக்கோவைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அளக்கப்படுவதில் ஓர் அதிகாரம் வேலை செய்கிறது என்றால், அளக்கப்படாமல் விடப்படுவதிலும் அதே அதிகாரம்தான் வேலை செய்கிறது. எனது தொப்பைக்கு ஒரு எண் இருக்கிறது. காய்க்கும் மில்லிமீட்டர் இருக்கிறது. குத்தவைத்தே தேய்ந்த முழங்காலுக்கு எண் இல்லை. அது இல்லாதவரை அதற்கு நஷ்டஈடும் இல்லை.