முள் பட்டை

கழுத்தைச் சுற்றி இரும்பு முள் வைத்த பெல்ட் போட்ட நாயைப் பார்த்தால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பழைய சினிமா வில்லன் பங்களா. கேட்டுக்கு உள்ளே நின்னு உறுமிக்கிட்டு இருக்கும். சும்மா பந்தாவுக்குப் போட்டதுன்னுதான் நினைப்போம். ஆனா அந்தப் பட்டை பங்களாவில் பிறந்தது இல்லை. ஆடு மேய்க்கிறவங்க கண்டுபிடிச்சது. வயசு இரண்டாயிரத்துக்கும் மேல.

இதை எழுதி வைத்தவர் வர்ரோ என்கிற ரோமானியர். கி.மு. 37 வாக்கில், எண்பது வயசை எட்டும் நேரத்தில், விவசாயம் பற்றி மூன்று புத்தகம் எழுதினார். (முதல் புத்தகம் மனைவிக்காக. அந்தம்மா புதுசா நிலம் வாங்கியிருந்தாங்களாம். கொடுத்து வச்சவங்க!) இரண்டாவது புத்தகம் ஆடு மாடுகளைப் பற்றியது. அதில் நாய்க்குத் தனி இடம் உண்டு. காட்டு விலங்கு நாயைக் காயப்படுத்தாமல் இருக்க என்ன செய்யணும் என்று மனுஷர் விலாவாரியாகச் சொல்கிறார். கெட்டியான தோலில் பட்டை. அதில் தலையுள்ள ஆணிகளை முனை வெளியே இருக்கிற மாதிரி அடிக்கணும். உள்பக்கம், ஆணித் தலைகளை மூடி மெத்தென்று இன்னொரு தோலைத் தைக்கணும். ஏன்னா இரும்பு நாயின் கழுத்தை உறுத்தக் கூடாது.

எனக்குப் பிடித்தது அந்த உள்பக்கத் தோல்தான். வெளியே ஆணி ஓநாய்க்கு, உள்ளே மெத்தை நாய்க்கு. ஓநாயும் சரி சிறுத்தையும் சரி, முதல்ல குறி வைப்பது கழுத்தை. அந்த முதல் கடியில் நாய் தப்பிச்சா அப்புறம் அது பார்த்துக்கும். இன்னொன்றும் சொல்கிறார் வர்ரோ. இந்தப் பட்டையில் ஒரு தடவை குத்து வாங்கின மிருகம், பட்டை போடாத நாயையும் அப்புறம் கிட்ட நெருங்காதாம்.

நாய் வாங்கும்போது வேட்டைக்காரனிடமும் வாங்காதே, கறிக்கடைக்காரனிடமும் வாங்காதே என்பது அவர் இன்னொரு அறிவுரை. முதலாவது மந்தையை விட்டுட்டு முயல் பின்னால ஓடிடும். இரண்டாவது சோம்பேறி, மந்தை கூட நடக்காது. நம்ம ஊர் கீதாரி யாராவது இதைக் கேட்டால் "இதுக்கு ரோமாபுரிக்கா போகணும்?" என்று சிரிப்பார். வர்ரோவுக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த கொலுமெல்லா, மந்தை நாய் வெள்ளையாக இருக்கட்டும் என்கிறார். இருட்டில் ஓநாய் என்று நினைத்து நம்ம நாயையே அடிச்சுடக் கூடாது இல்லையா? வீட்டுக்காவல் நாய் மட்டும் கறுப்பாக இருக்கலாம். திருடன் பயப்படணுமே.

சரி, ஆட்டைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும் நாயை ஆட்டுக்கே காவல் வைக்கிறது எப்படி? இதற்குப் பதில் டார்வின் எழுதியிருக்கிறார். 1833-இல் இன்றைய உருகுவே பக்கம் குதிரையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மனுஷர் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒன்றிரண்டு நாய்கள் மட்டும் பெரிய மந்தையைக் காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அசந்து போனார். விசாரித்தால், குட்டியை ரொம்பச் சின்ன வயசிலேயே தாயிடமிருந்து பிரிச்சிடறாங்க. ஒரு செம்மறியைப் பிடித்து வைத்து ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை பால் குடிக்க வைக்கிறாங்க. பட்டிக்குள்ளேயே கம்பளி மெத்தை. மத்த நாய்களோட பழக விடறதில்லை. அது வளர்ந்த பிறகு ஆடுதான் அதுக்குச் சொந்தக்கூட்டம்.

அந்த நாய் தினம் ஒரு தடவை இறைச்சித் துண்டு வாங்க வீட்டுக்கு வருமாம். வாங்கினதும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு ஓடும். வீட்டு நாய்கள் விரட்டும். மந்தை கிட்ட வந்த அடுத்த நொடி, திரும்பி நின்னு குரைக்கும். துரத்தி வந்த அத்தனை நாயும் பின்னங்கால் பிடரியில் பட ஓட்டம். டார்வின் ரசிச்சு ரசிச்சு எழுதின இடம் இது.

இந்த வித்தை எல்லாம் ஐரோப்பாவில் ஏன் மங்கிப் போச்சு? ஓநாயைக் கொன்னுட்டாங்க, அவ்வளவுதான். பிரான்சில் 1930-களின் முடிவில் ஓநாய் கிட்டத்தட்ட இல்லை. ஓநாய் இல்லேன்னா காவல் நாய் எதுக்கு? பிரனீஸ் மலையின் பெரிய வெள்ளை நாய் கண்காட்சிக்கும் பங்களாவுக்கும் போயிடுச்சு. ஆட்டை மலையில் தனியா விட்டுட்டு மேய்ப்பர் இறங்கி வரலாம்னு ஆச்சு. 1992-இல் இத்தாலியிலிருந்து ஓநாய் தானாகவே நடந்து மெர்காந்தூர் மலைக்கு வந்து சேர்ந்தது. அப்போ அந்த மேய்ப்பர்களுக்கு நாயும் இல்லை, நாயைப் பழக்கத் தெரிந்த தாத்தாவும் இல்லை. வெளியாளிடம் கத்துக்க வேண்டிய நிலை.

அமெரிக்காவில் கதை வேற மாதிரி. 1972-இல் அரசாங்க நிலங்களில் விஷம் வைத்து விலங்குகளைக் கொல்வதை நிக்சன் தடுத்தார். கயோட்டியிடமிருந்து ஆட்டை எப்படிக் காப்பது என்று பண்ணைக்காரர்கள் முழிச்சப்போ, ரே காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்கிற தம்பதி எழுபதுகளின் கடைசியில் இத்தாலி, யூகோஸ்லாவியா, துருக்கி என்று போய்க் குட்டிகளைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 1994-இல் நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் அதே துருக்கி நாயை விவசாயிகளிடம் கொடுக்க ஆரம்பித்தது. ஆடு பத்திரமா இருந்தா விவசாயி துப்பாக்கியைத் தொட மாட்டான், சிவிங்கிப்புலியும் பிழைக்கும். ஆக, நாய் காப்பாத்தினது ஆட்டை மட்டும் இல்லை.

நம்ம நாட்டில் இந்தச் சங்கிலி அறுபடவே இல்லாத இடம் இமாச்சல். கத்தி இன இடையர்கள் கோடையில் தௌலதார் மலையைத் தாண்டி மேலே போவாங்க, குளிரில் காங்க்ரா பக்கம் இறங்குவாங்க. கூட வரும் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை. அங்கே எதிரி சிறுத்தை.

சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். 2014-இல் வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், காடே இல்லாத கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வாழும் சிறுத்தைகள் என்ன சாப்பிடுது என்று எச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தாங்க. எடைக்கணக்கில் 39 சதவீதம் நாய். வெள்ளாடு 11 சதவீதம்தான். இத்தனைக்கும் அந்த ஊர்களில் வெள்ளாடு நாயை விட ஏழு மடங்கு அதிகம்!

எனக்குத் தோணும் காரணம் ரொம்ப சாதாரணம். ஆட்டுக்கு விலை இருக்கு, ராத்திரி பட்டியில் அடைப்பாங்க. நாயை யார் அடைக்கிறா? அது வெளியே கிடக்கும். காவல்தானே அதோட வேலை என்போம்.

ஆனா நம்ம முன்னோர் நாய்க்கும் கணக்கு வைத்திருந்தாங்க. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கு. மகேந்திரவர்மன் காலம், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்லும். நாயின் பெயரையும் வெட்டியிருக்காங்க: கோவிவன். பட்டை போட்டிருந்ததா தெரியாது, பேர் இருந்தது.

மலையடிவாரத்தில் தோட்டம் வாங்கி, கூடவே ஒரு லாப்ரடாரும் வாங்கும் நண்பர்கள் இப்போ நிறைய. அவங்ககிட்ட நான் சொல்றது இதுதான். ராத்திரி நாயைத் திண்ணைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டாதீங்க. தெருநாயாவது ஓடிப் பார்க்கும், கட்டின நாயால் அதுவும் முடியாது. மேலேயும் கம்பி அடிச்ச கூண்டு ஒண்ணு போடுங்க, சிறுத்தை சுவர் ஏறும். இல்லையா, வீட்டுக்குள்ளேயே படுக்க விடுங்க. முடி கொட்டுதுன்னு வீட்டம்மா திட்டினா வாங்கிக்கோங்க :-)