நேஷனல் விளக்கின் வரலாறு



நேஷனல் வானொலிப் பெட்டியும் நேஷனல் மின்விசிறியும் நம் தோட்டத்து வீடுகளுக்குப் புதியவை அல்ல. அவற்றைச் செய்தது ஜப்பானின் மட்சுஷிடா மின்பொருள் நிறுவனம். அதன் வரலாற்றில் தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை இன்று காண்போம்.

நிறுவனத்தைத் தொடங்கிய கொனோசுகே மட்சுஷிடா 1894-இல் வாக்கயாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அரிசிச் சூதாட்ட வணிகத்தில் சொத்தை இழந்தார். ஒன்பது வயதில் பையனின் பள்ளிப் படிப்பு நின்றது. ஒசாக்கா நகரில் கரியடுப்புக் கடையிலும், பிறகு சைக்கிள் கடையிலும் எடுபிடி வேலை செய்தார். பதினைந்தாம் வயதில் மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் கம்பி இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

பல்பு மாட்டும் ஹோல்டரைச் செம்மையாகச் செய்ய அவர் ஒரு வழி கண்டார். மேலாளர் அதனை ஏற்கவில்லை. 1917-இல் வேலையை விட்டு, இரண்டு அறை வாடகை வீட்டையே பட்டறையாக்கினார். மனைவி முமெனோ, அவருடைய தம்பி, நண்பர்கள் இருவர் துணை நின்றனர். ஹோல்டர் விலைபோகவில்லை. நண்பர்கள் விலகினர். முமெனோவின் துணிமணிகள் அடகுக் கடைக்குச் சென்றன. அந்த ஆண்டின் கடைசியில் மின்விசிறிக்கான ஆயிரம் தட்டுகள் செய்யும் வேலை வந்து குடும்பத்தைக் காப்பாற்றியது. 1918 மார்ச்சில் நிறுவனம் முறையாகப் பிறந்தது.

1923-இல் அவர் சைக்கிள் விளக்கு ஒன்றைச் செய்தார். அக்காலத்துப் பேட்டரி விளக்குகள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அணைந்துவிடும். இதுவோ முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. வணிகர்கள் நம்பவில்லை. ஆகவே, விளக்கை எரியவிட்டே கடைகளில் வைத்தார். எவ்வளவு நேரம் எரிகிறது என்று கண்ணால் கண்ட பிறகே கடைக்காரர்கள் வாங்கினார்கள். 1927-இல் வந்த சதுர விளக்கில்தான் நேஷனல் என்ற பெயர் முதலில் ஏறியது.

பெரிய சோதனை 1929-இல் வந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தது. கிடங்கில் சரக்கு தேங்கியது. ஆட்களில் பாதிப் பேரை நிறுத்திவிடலாம் என்று மேற்பார்வையாளர்கள் யோசனை கூறினர். நோயில் படுத்திருந்த மட்சுஷிடா மறுத்தார். உற்பத்தியைப் பாதியாக்குங்கள், அரை நாள் வேலை, முழுச் சம்பளம், ஒருவரையும் நிறுத்தக் கூடாது, விடுமுறையிலும் எல்லாரும் சரக்கை விற்க வேண்டும் என்றார். சுமார் இரண்டு மாதங்களில் கிடங்கு காலியாயிற்று.

அதே ஆண்டுகளில் மலாயாவில் நடந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். ரப்பர் விலை வீழ்ந்ததும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்களின் கூலி குறைக்கப்பட்டது. நெருக்கடி ஒன்றே; அதனைத் தொழிலாளியின் தலையில் இறக்கிய விதம் வேறு.

போர்க்காலத்தில் மட்சுஷிடா நிறுவனம் இராணுவத்துக்காக மரக்கப்பலும் விமானமும் செய்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் 1946-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்க உத்தரவு வந்தது. அப்போது அவருடைய தொழிலாளர் சங்கமே, தொழிலாளர்களிடமும் குடும்பத்தாரிடமும் கையெழுத்துத் திரட்டி அவருக்காக மனுக் கொடுத்தது. அவர் பதவியில் நீடித்தார். 1929-இல் காட்டிய நம்பிக்கை இவ்வாறு திரும்பி வந்தது எனலாம்.

1965-இல் அந்நிறுவனம் ஜப்பானில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை முறையைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே மலேசியாவிலும் மட்சுஷிடா நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் ஆலை ஷா ஆலாமில் எழுந்தது. மட்சுஷிடா 1989-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார். 2008-இல் நிறுவனத்தின் பெயர் பானசோனிக் என மாறியது. இந்த நூற்றாண்டில் அதே நிறுவனமும் பல்லாயிரம் வேலைகளைக் குறைத்தது. ஆகவே, ஒரு முதலாளியின் நல்ல மனத்தை மட்டும் நம்பித் தொழிலாளி வாழ முடியாது.

ஒன்பது வயதில் படிப்பை விட்டவர் முன்னேறினாரே என்று நம் பிள்ளைகளின் பள்ளியை நிறுத்திவிடாதீர்கள். அவர் பிறகு இரவுப் பள்ளியில் சேர்ந்தும், வேகமாக எழுதத் தெரியாமல் இடையில் நின்றவர். பிள்ளைகளின் கையில் கல்வியும் தொழிலும் இருக்கட்டும். அவர்களுக்குத் துணையாகச் சங்கம் இருக்கட்டும். நெருக்கடி வரும் நாளில் அவையே நமக்கு விளக்காகும்.