குறிபார்த்தலின் வரலாறு: என்பீல்ட் றைபிளும் ஹைத் பயிற்சி முறையும்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கருவியின் வரலாற்றையே எழுதியுள்ளனர். குழலும் வெடிமருந்தும் குண்டும் எவ்வாறு மாறின என்பது விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. அக்கருவியைப் பிடித்தவனின் கண் எவ்வாறு பழக்கப்பட்டது, எவருக்கு அப்பழக்கம் அளிக்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறவில்லை. குறி தவறாமை பிறவியில் வாய்க்கும் வரம் என்னும் எண்ணம் இன்றும் நிலவுவது இதற்கு ஒரு காரணமாகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியப் படையில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுகின்றோம்.

அம்மாற்றத்துக்கு முன்னர், ‘பிரவுண் பெஸ்’ எனப்பட்ட வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கியே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படையில் வழங்கியது. குண்டு குழலை விடச் சிறியது. வெளியேறும்போது எப்பக்கமும் விலகக்கூடியது. அதிற் பிற்குறியே இருக்கவில்லை. சுடுவதற்கான கட்டளையும் துப்பாக்கியை முன்னே நீட்டும்படி பணித்ததேயன்றிக் குறிபார்க்கும்படி பணிக்கவில்லை. வரிசையாக நின்றோர் ஒருசேரச் சுட்டனர். தனி வீரனின் கண்ணுக்கு அங்கு வேலை மிகச் சிறிதே.

1849 அளவிற் பிரான்சில் மினியே என்ற படை அதிகாரி உருவாக்கிய குண்டு இந்நிலையை மாற்றியது. வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து குழலின் உள்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று செல்லும் குண்டு அது. அவ்வடிப்படையில் அமைந்த 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் றைபிள் 0.577 அங்குலக் குழல் விட்டம் கொண்டது. அதன் பிற்குறி ஏணி போல நிமிர்த்தக்கூடியதாய், 900 யார் வரையான தூரங்களுக்கு அளவு குறிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஹைத் என்னும் ஊரில், படையினருக்குச் சுடும் பயிற்சி அளிப்பதற்கெனத் தனிப்பள்ளி நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் கேணல் ஹே என்பவர்.

இங்குக் குறிபார்த்தலின் இயல்பைச் சற்று விளக்குதல் தகும். குழலின் நுனியிலுள்ள சிறு முளை முற்குறி. கண்ணுக்கு அண்மையிலுள்ள வெட்டு பிற்குறி. இவ்விரண்டும் இலக்கும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். கை சிறிது ஆடி, துப்பாக்கி முழுவதும் ஒரு சென்ரிமீற்றர் இணையாக நகர்ந்தால் குண்டும் ஒரு சென்ரிமீற்றரே விலகும். ஆயின் முற்குறி பிற்குறியின் நடுவிலிருந்து அரை மில்லிமீற்றர் பிசகினால் விளைவு வேறு. இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 75 சென்ரிமீற்றர் எனக் கொண்டால், 100 மீற்றரில் அப்பிசகு ஏறக்குறைய 67 மில்லிமீற்றராகும். 300 மீற்றரில் 200 மில்லிமீற்றராகும். கண்ணோ மூன்று வெவ்வேறு தூரங்களை ஒரே வேளையிற் கூர்மையாகக் காணாது. எனவே முற்குறியைத் தெளிவாகவும் இலக்கைச் சற்று மங்கலாகவும் காணப் பழகுதல் வேண்டும். இலக்கையே உற்றுப்பார்க்கும் இயல்பான உந்துதலை அடக்குவதே இப்பயிற்சியின் கடினமான பகுதி. துப்பாக்கி பிடித்தறியாத நாமும் ஒரு கோலின் நுனியை மரமொன்றுடன் பொருத்திப் பார்த்தால் இதனை உணரலாம்.

ஹைத் முறை இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. புதியவன் முதலிற் சுடுவதேயில்லை. முக்காலியில் வைத்த மணல் மூட்டைமீது றைபிளைக் கிடத்தி, குறிகளைப் பொருத்திவிட்டு விலகி நிற்பான். பயிற்றுவோன் கண்வைத்துப் பிழையைக் காட்டுவான். அடுத்து, குண்டின்றித் தோளில் ஏந்தி விசையை இழுக்கும் பயிற்சி. வெடிமூடியை மட்டும் இட்டு, குழல்வாய்க்குச் சற்று முன்னே எரியும் மெழுகுவர்த்தியைக் குறிவைத்து விசையை இழுப்பதுமுண்டு. குறி நேரானால் வெளிப்படும் காற்றிற் சுடர் அணையும். என்பீல்ட் குண்டு மெதுவாகச் சென்று வளைந்து வீழ்வதால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுதலும் தனிப் பாடமாயிற்று. இவ்வாறு, ‘வரம்’ எனக் கருதப்பட்டது படிமுறையான பாடமாக மாறியது. உழவர் மகனையும் நெசவாளியையும் சில வாரங்களிற் குறிகாரனாக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

1859இல் தோன்றிய தொண்டர் படை இயக்கத்தின் வழி இத்திறன் பிரித்தானிய நடுத்தர வர்க்கத்தின் விளையாட்டுமாயிற்று. அவ்வாண்டே தேசிய றைபிள் சங்கம் அமைந்தது. 1860 யூலை 2ஆம் நாள் விம்பிள்டனில் அதன் முதற் போட்டியை விக்ரோறியா மகாராணி தொடக்கிவைத்தார். தாங்கியிற் பொருத்தப்பெற்ற விற்வேர்த் றைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார்; 400 யார் தொலைவிலிருந்த இலக்கின் நடுவுக்கு ஒன்றேகால் அங்குல தூரத்திற் குண்டு பட்டது. குறியைப் பொருத்திய கண் எவருடையது என்பது விழாவின் புகழுரைகளிற் பெரிதாக இடம்பெறவில்லை.

இதே என்பீல்ட் றைபிளுக்கு இந்தியாவில் வேறொரு வரலாறு உண்டு. அதனைக் கையாளக் கற்பிப்பதற்கு டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களிற் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. தோட்டாக்களிற் பூசப்பட்ட கொழுப்புப் பற்றிய செய்தி 1857 சனவரியில் டம்டத்திலிருந்தே பரவியது. அவ்வாண்டின் எழுச்சிக்கான காரணங்கள் நிலவரி, நாட்டிணைப்பு, படையினரின் குறைகள் எனப் பலவாதலின் தோட்டாவை மட்டும் காரணங் காட்டுதல் பொருந்தாது. எமது நோக்கிற்கு முக்கியமானது பின்னர் நிகழ்ந்ததே. எழுந்த சிப்பாய்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் பழைய வழுவழுப்புக் குழல் துப்பாக்கிகள். எதிர்நின்ற பிரித்தானியப் படைகள் பலவற்றிடம் என்பீல்ட் இருந்தது.

எழுச்சி அடக்கப்பட்டபின், இந்தியப் படையினருக்கென 1858ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி உருவாக்கப்பட்டது. தோற்றத்தில் அது என்பீல்ட். ஆயின் குழலின் உள்வரிகள் இல்லை. ஏணிக் குறியும் இல்லை. தூரத்துக்கேற்ப மாற்றவியலாத நிலையான வெட்டொன்றே பிற்குறியாய் இருந்தது. சிற்சில படைப்பிரிவுகள் விலக்காயினும் பொதுக் கொள்கை இதுவே. ஏகாதிபத்தியத்துக்குச் சிப்பாயின் தோளும் காலும் தேவைப்பட்டன. தொலைவை அளந்து தானே குறியை அமைக்கும் அவன் கண்ணை அது அஞ்சியது. ஆவணங்களின் சொற்களைவிட அந்தச் சிறு உலோகத் துண்டே இதனைத் தெளிவாகக் கூறுகிறது என்பது எமது துணிபு. 1878இன் ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்களித்து, குடிமக்கள் மீதும் அதே தடையை விதித்தது.

பின்னர் சிப்பாய்க்கு றைபிள் கிடைத்தபோதும் ஒரு தலைமுறை பிந்தியே கிடைத்தது. பிரித்தானியர் மார்ட்டினி-ஹென்றியைப் பெற்றபின் அவனுக்குச் சினைடர். அவர்கள் லீ-மெற்போர்டுக்கு மாறியபின் அவனுக்கு மார்ட்டினி. 1914 செப்டெம்பர் இறுதியில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினர், கொண்டுவந்த பழைய வகை லீ-என்பீல்ட் றைபிள்களை ஒப்படைத்துப் புதியவற்றைப் பெற்றனர். அவற்றின் குறிகளுக்குக் கண்ணைப் பழக்க அவர்களுக்குக் கிடைத்த காலம் சில வாரங்களே. ஒக்டோபர் முடியுமுன் அவர்கள் ஈப்பர் களத்தின் அகழிகளில் நின்றனர்.