‘றாக்’ என்னும் சொல்லும் தோட்டத்து நையாண்டியும்

சொற்களின் வரலாறு சமுதாயத்தின் வரலாறுமாகும். ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்குப் பெயரும் சொல், தான் பிறந்த இடத்துப் பொருளை முழுமையாக உடன்கொண்டு செல்வதில்லை. புகுந்த இடத்து உறவுகளுக்கும் அதிகாரங்களுக்கும் ஏற்ப அது தன் பொருளை மாற்றிக்கொள்கின்றது. விளையாட்டாக எள்ளுதலைக் குறிக்கும் ‘றாக்’ என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்கதொரு சான்றாகும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘றாகிங்’ எனவும், தமிழில் ‘பகிடிவதை’ எனவும் வழங்கும் இச்சொல்லின் பொருளை, திம்புள்ளப் பகுதித் தோட்ட மக்களிடையே நிலவிய கேலி மரபோடு ஒப்பிட்டு நோக்கும்போது, விளையாட்டு எவ்விடத்தில் முடிந்து வதை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பது தெளிவாகும்.

ஆங்கிலத்தில் ‘றாக்’ என்னும் வினை, 18ஆம் நூற்றாண்டில் ஏசுதல், கடிந்து கூறுதல் என்னும் பொருள்களில் வழங்கியது. கந்தல் துணியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்ததாயினும், அகராதியாளர் இதனை வேறு சொல்லாகவே கொள்வர். காலப்போக்கில் அதன் கடுமை தணிந்து, ஒருவரைச் சீண்டி விளையாடுதல் என்னும் பொருள் மேலோங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் பல்கலைக்கழக மாணவரின் ஆரவாரக் கூத்தும் அப்பெயர் பெற்றது. பின்னர் அதே கூத்தின் வாயிலாக மாணவர் அறப்பணிக்குப் பணந்திரட்டும் வழக்கமும் அங்கு வேரூன்றியது. ஆகவே ஏச்சு, சீண்டல், கூத்து, கொடை என நான்கு படிகளை அச்சொல் தன் தாயகத்திற் கண்டது எனலாம். தென்னாசியாவிலோ அது எதிர்த்திசையிற் சென்றது. சீண்டலிலிருந்து துன்புறுத்தலை நோக்கி அது நகர்ந்தது.

இச்சொல்லுக்கு இலங்கையில் எழுந்த மொழியாக்கங்கள் சிந்திக்கத்தக்கன. சிங்களத்தில் இது ‘நவக வதய’ எனப்படும். புதியவர்க்குச் செய்யும் வதை என்பது அதன் பொருள். விளையாட்டு என்னும் கூறு அங்கே இடம்பெறவேயில்லை. தமிழில் அமைந்த ‘பகிடிவதை’ என்பதோ இரு முரண்பட்ட சொற்களின் கூட்டு. பகடி என்பதன் திரிபாகிய பகிடி, வடக்கு கிழக்கு மாகாணங்களிற் பெருவழக்கானது. மலையகத்தார் கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி என்பவற்றையே மிகுதியும் வழங்குவர். செய்பவன் தன் செயலுக்குச் சூட்டும் பெயர் பகிடி. செய்யப்படுபவன் உணர்வது வதை. ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்தாரும் காணும் விதம் இத்தொடரிலே பதிவாகியுள்ளது.

எள்ளலுக்கு இரு பக்கமுண்டு என்பது தமிழ் மரபு முன்னரே அறிந்த உண்மையாகும். நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலையே தொல்காப்பியர் முதலிற் கூறுகின்றார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், ஒருவன் பிறரை எள்ளித் தான் நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தானும் நகுதல் என எள்ளலை இரண்டாக வகுத்தார். எள்ளப்பட்டவனும் நகுதற்கு இடமிருத்தல் வேண்டும் என்னும் கருத்து இவ்வுரையினின்றும் பெறப்படும். விளையாட்டின்கண்ணும் இகழ்ச்சி துன்பந் தருவது என்று பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவரும் எச்சரித்துள்ளார்.

இனித் திம்புள்ளயை நோக்குவோம். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலமைந்த இப்பகுதி முதலிற் கோப்பி நிலமாக விளங்கியது. 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செய்கையை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் புகைவண்டிப் பாதை எட்டியது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களினின்றும் மக்கள் இங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களைத் திரட்டி வந்த கங்காணிமார் தத்தம் ஊரினையும் உறவினையும் சார்ந்தே ஆள் சேர்த்தமையால், லயங்களில் மக்கள் தனித்தனி ஆட்களாக அன்றி உறவுமுறைக் கூட்டங்களாகவே வாழ்ந்தனர். அவ்வுறவு முறைகளோடு அவற்றுக்குரிய கேலி முறையும் கடல் கடந்து வந்தது.

மாமன், மச்சான், மதினி, கொழுந்தன் என்னும் முறையுடையோர் ஒருவரையொருவர் கேலி செய்வது உரிமையாகக் கருதப்பட்டது. அண்ணன், தங்கை முறையுடையோரிடத்து அது தகாததாயிற்று. மணவீட்டிலும் திருவிழாவிலும் முறைப்பிள்ளைகள் ஒருவர் மீதொருவர் மஞ்சள் நீரூற்றி விளையாடுவர். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பாடலால் ஒருவரையொருவர் குத்திக்காட்டுவர். இத்தகைய உறவினைப் பல சமுதாயங்களிற் கண்ட மானிடவியலாளர் றட்கிளிஃப் பிறவுண், 1940இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒருவர் மற்றவரைக் கேலி செய்யவும், மற்றவர் அதனைக் குற்றமாகக் கொள்ளாதிருக்கவும் வழக்கம் விதிக்கும் உறவு என இதனை விளக்கினார். மணவுறவால் நெருங்கியும் குடும்பத்தால் வேறுபட்டும் நிற்போரிடையே பகை மூளாதவாறு காக்கும் வழி அது என்பது அவர் கொள்கை.

மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்திலும் இவ்வியல்பைக் காணலாம். இரதி, மன்மதன், சிவன், எமன், வீரபத்திரன் முதலியோரிடையே குறவன் குறத்தி, கோமாளி போன்ற வேடங்களும் தோன்றிச் சிரிப்பூட்டும். அன்றாட வாழ்விற் கூறவியலாத பலவற்றை வேடத்தின் மறைவிற் கூறலாம். தஞ்சைப் பகுதியில் இதே காமன் கதையையொட்டி எழுந்த லாவணியிலோ, எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு சாரார் எதிரெதிரே அமர்ந்து பாடுவர். ஒருவர் எள்ளி முடித்ததும் மற்றவர் முறை வரும். இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, மரபுவழிக் கேலிக்கு மூன்று வரம்புகள் இருந்தமை தெரியவரும். யார் யாரைக் கேலி செய்யலாம் என்பது முதலாவது. எக்காலத்தில் என்பது இரண்டாவது. கேலிக்குள்ளானவர் திருப்பிச் சொல்லலாம் என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே உயிர்நாடி போன்றது.

இவ்வரம்புகள் தோட்டத்து அதிகார அடுக்கிற்குப் பொருந்தவில்லை. பெரிய துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என மேலிருந்து கீழிறங்கிய அவ்வடுக்கில் ஏச்சு மேலிருந்தே வந்தது. பதில் மேலே செல்ல இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கு வெளிவந்த கைந்நூலொன்றின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். வயதில் முதிர்ந்தவரையும் ஒருமையில் ஏவும் மொழியாகவே தமிழ் அவர்களுக்கு அறிமுகமாயிற்று. அதே காலத்துத் துரைமார் தம்மைத் தாமே எள்ளி நகையாடவும் அறிந்திருந்தனர். ஹமில்டன், ஃபாசன் ஆகிய இருவர் 1881இல் வெளியிட்ட ‘இலங்கைக் காட்சிகள்’ என்னும் ஆங்கில நூல், தோட்டத்துரைமாரின் வாழ்வை வேடிக்கைச் சித்திரங்களாலும் செய்யுளாலும் காட்டுவது. சமமானோரிடையே கேலி கேலியாகவே நின்றது. அதே வாய் பிரட்டுக்களத்திற்கு வந்தபோது அது வசவாயிற்று.

வெளிப்படையாகப் பதில் கூறவியலாத மக்கள் பாட்டிலே பதில் கூறினர். கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் பிறந்த பாடல்களிற் கங்காணியின் மிடுக்கும் கணக்கப்பிள்ளையின் சூழ்ச்சியும் துரையின் கொடுமையும் நையாண்டிக்குள்ளாயின. அப்பாடல்களைத் தொகுத்தளித்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். 1914இல் புண்டுலோயாவை அடுத்த மடக்கும்புறத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் அவரது தொகுப்பு 1983இல் வெளிவந்தது. இப்பாடல்களின் நையாண்டியை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. தொழிலாளியைக் கடனால் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரையும், அதன் பின்னருங்கூட, மறுமொழி கூறும் உரிமையைச் சிரிப்பின் வழியாகவேனும் தக்கவைத்துக்கொண்ட முயற்சி அது.

இப்பின்னணியிலிருந்தே மலையக இளைஞர் பல்கலைக்கழகத்திற்குட் புகுந்தனர். 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. ஹற்றனிலிருந்து புகைவண்டியிற் சில மணிநேரத் தொலைவே ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நெடுங்காலம் எட்டாத் தொலைவாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகளோ தொடக்கக் கல்விக்கு அப்பாற் செல்லாதிருந்தன. இந்நிலையில் ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்னும் பெயர்கள் ஏனையோர் வாயில் எளிதாகப் புரண்டன. வேடிக்கைப் பேச்சிலும் அவை கலந்தன. குடியுரிமை மறுக்கப்பட்டவனைக் கள்ளத்தோணி என்றழைத்துவிட்டு ‘பகிடிக்குத்தான் சொன்னேன்’ என்பது, ஒரு சட்டத்தின் கொடுமையைச் சிரிப்பால் மூடுவதாகும். அச்சொல்லுக்கு ஈடாகத் திருப்பிக் கூறுவதற்கு அவனிடம் எச்சொல்லும் இல்லை.

பகிடிவதையின் விளைவுகள் சொல்லளவோடு நின்றுவிடவில்லை. 1975இல் பேராதனை வளாகத்து மாணவியொருவர் அதிலிருந்து தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தார். 1997இல் அங்குப் பொறியியல் பயின்ற தமிழ் மாணவரொருவர் கடும் உடற்பயிற்சிக்கு ஆட்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்தார். அதனையடுத்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறும், மன வேதனையும், அச்சமும் விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய செயல் எதுவும் பகிடிவதையே என அது வரையறுத்தது. செய்தவன் விளையாட்டென எண்ணினானா என்பதை அவ்வரையறை வினவவில்லை. செய்யப்பட்டவனுக்கு நேர்ந்ததையே அளவுகோலாகக் கொண்டது. தமிழ்நாட்டிலும் மருத்துவ மாணவரொருவர் 1996இற் கொலையுண்டதையடுத்து 1997இல் இதனைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

பகிடிவதையை ஆதரிப்போர் கூறும் நியாயமொன்று உண்டு. செல்வர், வறியர், நகரத்தார், தோட்டத்தார் என்னும் வேற்றுமைகளை அழித்து அனைவரையும் அது சமமாக்குகின்றது என்பர். இவ்வாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கத்தக்கதே. புதியவரிடையே தோழமை பிறத்தல் உண்மை. பொதுவான அச்சமும் மனிதரை ஒன்றுபடுத்தும். எனினும், அனைவரது வாயும் ஒருங்கே அடைக்கப்படுதல் சமத்துவமாகாது. பிரட்டுக்களத்தில் நின்றோரும் அவ்வகையிற் சமமானவர்களாகவே நின்றனர். மேலும், பகிடிவதைக்கு உள்ளானவன் தனக்குரிய மறுமொழியைத் தன்னை வதைத்தவனிடம் கூறுவதில்லை. அடுத்த ஆண்டு வரும் புதியவனிடமே கூறுகின்றான். மறுமொழி உரியவரைச் சேராமல் உரிமையற்றவர் தலையில் விழுகின்றது. இம்மரபு சட்டத்தாலும் எளிதில் அழியாது நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணமெனலாம்.

ஆகவே, ‘றாக்’ என்னும் சொல் விளையாட்டையும் வதையையும் ஒருங்கே குறித்து நிற்பினும், அவற்றைப் பிரித்தறியும் அளவுகோலை வேற்று நாட்டிற் தேடவேண்டியதில்லை. மாமன் மச்சான் கேலியிலும் காமன் கூத்துக் கோமாளியிலும் அது உள்ளது. எள்ளப்பட்டவன் அச்சமின்றித் திருப்பி எள்ளலாமாயின் அது நையாண்டி. இயலாதாயின் அதன் பெயரிலிருந்து பகிடியை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் வழங்குதலே முறையாகும்.