தரிசு என்று எழுதப்பட்ட ஊர்

பொர்தோ நகரத்திலிருந்து தெற்கே பயோன் பட்டணத்தை நோக்கி ரயிலில் செல்லும் பிரயாணி, வண்டி நகரெல்லையைக் கடந்த சிறிது நேரத்துக்கெல்லாம், நூல் பிடித்து நட்டாற்போல் வரிசை வரிசையாக நிற்கும் பைன் மரங்களுக்கு நடுவே புகுந்துவிடுகிறான். அதன்பின் வெகுநேரம் ஜன்னலில் பைனைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. மனிதன் தோன்றுவதற்கு முன்னிருந்தே இந்தக் காடு இப்படித்தான் நின்றிருக்கவேண்டும் என்று எண்ணியபடியே அவன் கண்ணயர்ந்துவிட்டால் அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் அதே வழியில் வந்திருந்தால், அங்கே கண்டிருக்கக்கூடியது காடல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதரும் புல்லும் தேங்கிய நீருமாகக் கிடந்த வெட்டவெளி. அந்த வெளியிலே, தரையில் கால் பாவாமல், நெடிய மரக்கால்களின் மேல் நின்றுகொண்டு ஆடு மேய்த்த மனிதர்கள்.

லாந்த் என்பது அந்தப் பிரதேசத்தின் பெயர். புதர்வெளி என்பதே அச்சொல்லின் பொருள். அதன் மத்தியில் இருக்கிறது சாப்ர் என்னும் சிறிய கம்யூன். கம்யூன் என்பது, 1789-ஆம் வருஷத்துப் புரட்சியை அடுத்து ஏற்பட்ட, தனக்கென ஒரு மேயரும் ஒரு சபையும் உடைய, பிரெஞ்சு ஆட்சிமுறையின் ஆகச் சிறிய அலகு. நம்முடைய பஞ்சாயத்துக்கு ஒரு மூத்த தமையன் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்ரில் வசிப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் அதன் விஸ்தீரணமோ ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். பாரிஸ் மாநகரமே 105 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கிராமத்தின் தனிமை எத்தகையது என்று விளங்கும்.

இத்தனை நிலத்தில் இத்தனை சொற்பமான ஜனங்கள் வாழ்ந்ததற்குக் காரணம் மண்தான். பனியுகத்தின் பிற்பகுதியில் மேற்கிலிருந்து வீசிய காற்று வாரிக்கொண்டுவந்து பரப்பிய மணல், ஏறத்தாழ பத்து லட்சம் ஹெக்டேர் பரப்பில், ஒரு பாயை உதறி விரித்தாற்போல் கிடக்கிறது. அந்த மணலுக்கடியில், ஒரு முழமோ இரண்டு முழமோ தோண்டினால், துருப்பிடித்த நிறத்தில் ஒரு கெட்டித் தளம் மண்வெட்டியைத் தடுக்கும். மழைநீரோடு இறங்கிய இரும்பும் மக்கிய தழைகளின் சாரமும் மணலைப் பிணைத்து இறுக்கியதால் உண்டான இந்தத் தளத்துக்கு அவ்வூரார் வைத்த பெயர் அலியோஸ். மேலிருந்து பெய்த நீர் இதைத் தாண்டிக் கீழே போகாது. நிலத்தின் சரிவோ ஆயிரம் மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் என்பதால் பக்கவாட்டிலும் ஓடாது. ஆகவே மாரிக்காலத்தில் ஊர் முழுவதும் முழங்கால் நனையும் சதுப்பு. கோடையிலோ அதே இடத்தில் வேர்க்கு எட்டும் ஈரமில்லாத சுடுமணல். ஒரே நிலம் வருஷத்தில் இருமுறை தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் இந்த விபரீதத்தை அறியாதவர்கள்தான், வெகுகாலம் கழித்து, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தார்கள்.

அறிந்தவர்களோ ஆற்றோரத்தில் குடியிருந்தார்கள். லேர் ஆறும் அதில் வந்து விழும் ஓடைகளும் மணலை அறுத்துக்கொண்டு ஓடுவதால், கரைகளில் மட்டும் தண்ணீர் தானாகவே வடிந்தது. அங்கே ஓக் மரங்கள் செழித்தன. அந்த மரங்களின் நிழலில், வேலியோ மதிலோ இல்லாத ஒரு புல்தரையில், நாலைந்து வீடுகள் தள்ளித் தள்ளி அமைந்தன. இத்தகைய குடியிருப்புக்கு ஏரியால் என்று பெயர். சாப்ரைச் சேர்ந்த மார்க்கேஸ் என்பது அப்படியோர் ஏரியால். வீடுகள் எல்லாம் முதுகை மேற்கே காட்டிக்கொண்டு கிழக்குமுகமாக நிற்கும். ஏனென்றால் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மழையும் காற்றும் மேற்கிலிருந்துதான் வரும். கனத்த மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளியில் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பிக் கட்டிய சுவர்கள். முற்றத்தில் ரொட்டி அடுப்பு. நரிக்கு எட்டாதபடி கால்களின் மேல் உயர்த்தி வைத்த கோழிக்கூடு. நிலச்சொந்தக்காரனுடைய வீடும், வாரத்துக்கு உழுதவனுடைய வீடும், கைக்கூலிக்காரனுடைய குடிலும் ஒரே புல்தரையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை, அதை மறைப்பதற்கு ஒரு சுவர் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் குடிகளின் ஜீவனோபாயம் எத்தனை நுட்பமாகப் பின்னப்பட்டது என்பதைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். அவர்கள் விதைத்தது ரை என்னும் தானியமும் தினை, பனிவரகு ஆகிய சிறுதானியங்களும். இலையுதிர்காலத்தில் வரப்புபோல் மண்ணணைத்து ரையை விதைத்து, வசந்தத்தில் அந்த வரிகளுக்கு இடையே சிறுதானியத்தைத் தெளித்து, ஒரே வயலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மகசூலை எடுத்தார்கள். வெறும் மணலில் இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், ஆட்டினால் சாத்தியமாயிற்று. பகலெல்லாம் புதர்வெளியில் மேய்ந்த ஆடுகள் இரவில் பட்டிக்குத் திரும்பும். பட்டியின் தரையில் வெளியிலிருந்தே அறுத்துவந்த தழையும் புதரும் பரப்பியிருக்கும். ஆட்டின் சாணமும் மூத்திரமும் ஊறி அந்தத் தழை எருவாகும். அந்த எரு வயலுக்குப் போகும். கம்பளி கிடைத்தது, இறைச்சியும் கிடைத்தது; ஆனால் குடியானவன் ஆட்டை வளர்த்தது பிரதானமாக எருவுக்காகவே. நம் சம்சாரிகள் வயலிலேயே கிடை போடுவார்கள். அவர்கள் கிடையைப் பட்டியில் போட்டு எருவை வயலுக்குச் சுமந்தார்கள் என்பதே வித்தியாசம். ஒரு சிறு வயல் விளைய வேண்டுமானால் அதைப்போலப் பலமடங்கு புதர்வெளி வேண்டும். அந்த வெளி யாருக்கும் தனிச்சொத்தல்ல, ஊருக்குப் பொது.

மரக்கால் வந்தது இந்த வெளியினால்தான். ஒரு மீட்டர் உயரமுள்ள இரண்டு கட்டைகளைக் காலோடு வாரினால் இறுகக் கட்டிக்கொண்டு நின்றால், முள்ளும் தேங்கிய நீரும் தீண்டாது. புதருக்கு மேலே தலை நிமிர்ந்து, தொலைவில் சிதறிய ஆட்டையும் காணலாம். ஒரு எட்டில் இரண்டு எட்டு தூரம் கடக்கலாம். கையில் மூன்றாவதாக ஒரு நீண்ட கழி. அதை முதுகுப்புறத்தில் ஊன்றிச் சாய்ந்துகொண்டால் முக்காலியில் அமர்ந்த சௌகரியம். ஆட்டுத்தோல் போர்த்திய ஆயன் அப்படிச் சாய்ந்தபடியே, பொழுது போகும் மட்டும், ஊசியை எடுத்துக் காலுறை பின்னிக்கொண்டிருப்பான். நம்மூர்க் கொக்கலிக்கட்டை திருவிழாவுக்கு ஆடுவது. இதுவோ வயிற்றுக்காக நடந்தது. தபால்காரனும் மரக்காலில்தான் கடிதம் கொண்டுவந்தான். அந்த வழக்கம் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1891-ஆம் வருஷம், ஆர்க்கஷோன் ஊர்க்காரரான சில்வேன் தொர்னோன் என்பவர் பாரிஸிலிருந்து மாஸ்கோ வரை மரக்காலிலேயே நடந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தார். பிழைப்பாக இருந்தது வேடிக்கையாக மாறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

நம் முன்னோர்கள் இந்த வெளியைக் கண்டிருந்தால் முல்லை என்று பெயரிட்டிருப்பார்கள். பாரிஸிலிருந்து வந்தவர்கள் கண்டது பாலை. பிரெஞ்சு தேசத்தின் பாலைவனம் என்றே பிரயாணிகள் எழுதினார்கள். ஆளற்றது, பயனற்றது, தரிசு என்று தேசப்படத்திலும் அரசாங்கக் காகிதத்திலும் ஏறிவிட்ட ஒரு சொல்லை எந்த ஆயனும் அழித்துவிட முடியாது. அவனுக்கு எழுதத் தெரியாது என்பது மட்டுமல்ல, அவனுடைய காஸ்கன் பாஷை அவர்களுக்குப் புரியவும் புரியாது.

ஆயினும் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களைக் கொடியவர்கள் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. சதுப்பிலிருந்து பரவிய முறைக்காய்ச்சல் உண்மையானது. பெல்லக்ரா என்னும் தோல்நோயை லா தெஸ்த் ஊர் வைத்தியர் ழான் அமோ 1829-இல் விவரித்து எழுதியதும், அது தரித்திரத்தின் நோய் என்பதும் உண்மையே. கடற்கரையில் நகர்ந்துவந்த மணற்குன்றுகள் ஊர்களையும் கோயில்களையும் மூடிக்கொண்டிருந்ததை, பைன் விதைத்துத் தடுக்கும் முயற்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ப்ரெமோன்தியே என்ற பொறியாளர் நடத்திக் காட்டியிருந்தார். அவ்வழியில் வந்த ழ்யூல் ஷாம்ப்ரலான் என்னும் மற்றொரு பொறியாளர் 1849-இல் பொர்தோவுக்கு அருகில் தாமே நிலம் வாங்கி, சரிவு எவ்வளவு அற்பமானாலும் ஆழமற்ற வாய்க்கால்களை ஒழுங்காக வெட்டினால் நீர் வடியும், நீர் வடிந்தால் பைன் வளரும் என்று நிரூபித்தார். கணக்குச் சரியானது, வாய்க்காலும் சரியாகவே ஓடியது.

மூன்றாம் நெப்போலியனின் அரசாங்கம் 1857-ஆம் வருஷம் ஜூன் 19-ஆம் தேதி இயற்றிய சட்டம், லாந்த் பிரதேசத்துக் கம்யூன்கள் தங்கள் பொதுநிலங்களை வடித்து மரம் வைத்தே தீரவேண்டும் என்று கட்டளையிட்டது. வடிகால் வெட்டப் பணம் ஏது? நிலத்தின் ஒரு பகுதியை விற்றால் மற்றப் பகுதியை வடிக்கலாம். ஆகவே கம்யூன்கள் விற்றன. வாங்கியவர்கள் யார் என்று கேட்கவேண்டியதில்லை: பொர்தோ வர்த்தகர்கள், வக்கீல்கள், ஏற்கெனவே நிலமுள்ளவர்கள். யாருக்கும் சொந்தமல்லாதது என்பதாலேயே எல்லோருக்கும் உரியதாயிருந்த மேய்ச்சல்வெளி, ஒரு தலைமுறைக்குள் சர்வே எண்ணும் பத்திரமும் உள்ள தோப்பாகிவிட்டது. புறம்போக்கு என்ற சொல்லுக்கு நம் தேசத்தில் நேர்ந்த கதியை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. சக்கரவர்த்தியே சாப்ருக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை வாங்கி ஒரு மாதிரிப் பண்ணை நடத்தினார். 1859-இல் இத்தாலியில் தாம் வென்ற யுத்தத்தின் பெயரால் அது 1863-இல் சோல்ஃபெரினோ என்ற புதிய கம்யூனாயிற்று. இளங்கன்றுகளுக்கிடையே ஆடு புகக்கூடாது என்று தடை வந்தது. மேய்ச்சல் போயிற்று, எரு போயிற்று, எரு போனதும் ரை போயிற்று. அடுத்த இருபது வருஷங்களில் இளங்காடுகள் பலமுறை பற்றியெரிந்தன. ஆயர்களே தீ வைத்தார்கள் என்று எங்கும் பேசிக்கொண்டார்கள். நம்பத் தகாத பேச்சென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயனின் பேரன் பிசின் எடுப்பவனானான். ஹப்ஷோ என்னும் வளைந்த அலகுள்ள கோடரியால் பைனின் பட்டையைச் சீவி, சில நாட்களுக்கொருமுறை அந்தக் காயத்தைப் புதுப்பித்துக்கொண்டே போனால், பால்போன்ற பிசின் வடியும். ஆதியில் அது மரத்தடியில் தோண்டிய குழியில் மண்ணும் சருகுமாகச் சேர்ந்தது. 1844-இல் பியேர் யூக் என்பவர் காயத்துக்குக் கீழே ஒரு தகரநாக்கும் ஒரு மண்கலயமும் மாட்டும் முறைக்கு உரிமை பெற்றார். பனங்கலயத்தைக் கண்டு பழகிய நமக்கு அதில் வியப்பில்லை. ஆனால் பிசின் சுத்தமாகக் கிடைத்ததும் வடிசாலைகள் பெருகின, டர்பன்டைனும் ரோஸினும் ஊரைவிட்டு மூட்டையும் பீப்பாயுமாகப் போயின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தம் அந்நாட்டுப் பிசினை ஐரோப்பாவுக்கு வரவொட்டாமல் அடித்தபோது விலை ஏறிய ஏற்றம் பலரைச் செல்வந்தர்களாக்கியது. கலயங்களைக் காலிசெய்து வாளியில் சுமந்த பெண்களுக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிசின் தொழிலாளர்கள் வாரப் பங்கை உயர்த்தக் கோரி நடத்திய வேலைநிறுத்தங்களே பதில்.

இந்த மாற்றத்தை முழுவதும் கண்ணால் கண்டவர் ஒருவர் உண்டு. சாப்ருக்கு அடுத்த லபுயேர் ஊரில் 1844-இல் பிறந்து 1921-இல் மறைந்த பெலிக்ஸ் அர்னோதேன், சட்டம் வந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுவன். உத்தியோகம் எதையும் பெரிதாக நாடாமல், கண்ணாடித் தகடுகள் பூட்டிய காமிராவோடு வெளியெங்கும் அலைந்து, மிஞ்சியிருந்த ஆயர்களையும் பட்டிகளையும் ஓக் மரங்களையும் ஆயிரக்கணக்கான படங்களாக்கினார். கிழவிகளிடம் உட்கார்ந்து கதையும் பாட்டும் எழுதிக்கொண்டார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் கிறுக்கன். அவருடைய படங்களில் வானம் முக்கால்பங்கு. அதன் கீழே கோடு கிழித்தாற்போல் வெளி. நடுவே, மரக்காலில், ஒரு மனித உருவம். இன்று அதே இடத்தில் நின்றால் எதிரிலுள்ள மரத்துக்கு அப்பால் பார்வை போகாது.

ஒரே ஜாதி மரத்தை ஒரே வயதில் இலட்சக்கணக்கான ஹெக்டேரில் நட்டதன் விலையை இருபதாம் நூற்றாண்டு வசூலிக்கத் தொடங்கியது; அதை அடுத்த நூற்றாண்டும் தொடர்ந்தது. 1949 ஆகஸ்டில் பொர்தோவுக்குத் தெற்கே பரவிய நெருப்பில் 82 பேர் மாண்டார்கள். 2009 ஜனவரி 24-இல் அடித்த புயல் தோப்புத்தோப்பாகச் சாய்த்தது. பிசின் தொழிலோ, அயல்நாட்டுச் சரக்கின் மலிவையும் ரசாயனப் பொருள்களின் போட்டியையும் தாங்காமல், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஏறத்தாழ அஸ்தமித்துவிட்டது. மரங்கள் இப்போது பலகைக்கும் காகிதக்கூழுக்கும் போகின்றன.

மார்க்கேஸ் ஏரியால் 1970-ஐ ஒட்டித் திறந்தவெளி மியூசியமாக்கப்பட்டது. மிஞ்சியிருந்த வீடுகளோடு வேறிடங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த வீடுகளையும் சேர்த்து நிறுத்தி, ரையை விதைத்து, அழியும் தறுவாயிலிருந்த லாந்த் ஜாதி ஆடுகளையும் அங்கே வளர்த்து வருகிறார்கள். ஆட்டை விரட்டிய பைன் நாற்புறமும் சூழ்ந்து நிற்க, நடுவே சில ஏக்கரில் அந்தப் பழைய வாழ்வு கண்காட்சியாக நடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மோட்டார் வண்டியைச் சாப்ரிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து மரப்பெட்டிகள் கோத்த பழைய ரயில்தான் அவர்களை மார்க்கேஸுக்கு அழைத்துச் செல்கிறது. அது ஓடும் தண்டவாளம், மரமும் பிசினும் ஏற்றிச் சென்ற அதே பாதை.